சின்னச் சிவப்புக் கப்பல்

2007 நவம்பர் 23, அதிகாலை. அண்டார்டிகாவின் வாசலில் இருக்கும் பிரான்ஸ்ஃபீல்டு ஜலசந்தியில், கூரை இல்லாத சில உயிர்காப்புப் படகுகளும் ரப்பர் படகுகளும் மிதந்துகொண்டிருந்தன. சுற்றிலும் ஐஸ் துண்டுகள். படகுகளில் 154 பேர். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. எல்லோரும் ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு சிவப்புக் கப்பல், களைத்துப்போனவர் தோளைச் சாய்ப்பதுபோல, மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

சில மணி நேரத்துக்கு முன்புவரை அவர்கள் அந்தக் கப்பலில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முந்தைய நாட்களில் பென்குவின்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலருடைய கேமராக்கள், பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் கப்பலிலேயே தங்கிவிட்டன. உயிர் மட்டும் கையில்.

எல்லோரும் பிழைத்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். அந்தக் கவலையோடு மேலே படிக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படிப் பிழைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐஸ் மலைகளையும் பென்குவின்களையும் பார்க்க இன்றைக்கும் கப்பல்கள் அதே கடலுக்குத்தான் போகின்றன. முன்பைவிடப் பல மடங்கு அதிகமாக.

அந்தப் பயணம் பெரும்பாலும் உஷுவாயாவில் தொடங்குகிறது. அர்ஜென்டினாவின் தென்கோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 'உலகத்தின் முடிவு' என்றுதான் அந்த ஊரே தன்னை விளம்பரப்படுத்திக்கொள்கிறது. அங்கே கப்பல் ஏறினால், அடுத்து டிரேக் நீரிணை. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையில் சுமார் 800 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த கடல். பூமியைச் சுற்றி ஓடும் காற்றையும் அலையையும் தடுக்க அந்த அட்சரேகையில் வேறு நிலமே கிடையாது. அதனால் மொத்தக் கோபமும் இங்கேதான். கடக்க இரண்டு நாள் ஆகும். நல்ல நாளாக அமைந்தால் ஏரிபோலக் கிடக்கும். இல்லாவிட்டால், சாப்பாட்டு மேஜையில் தட்டு ஒரு பக்கம், சாப்பிடுகிறவர் ஒரு பக்கம். லட்சக்கணக்கில் பணம் கட்டி வந்தவர்கள் வாந்திப் பையும் கையுமாகப் படுத்துக் கிடப்பதும் இந்தப் பயணத்தின் ஒரு பகுதிதான்.

மூன்றாம் நாள் காலை முதல் பனிப்பாறை தெரியும்போது, படுத்தவர்கள் எல்லோரும் எழுந்து மேல்தளத்துக்கு ஓடுவார்கள். வெள்ளை என்று நினைத்து வந்தால், அது நீலமாக இருக்கும். காற்றுக் குமிழிகள் நசுங்கி வெளியேறும் அளவுக்கு இறுகிப்போன பழைய ஐஸ், நீல நிறத்தைத்தான் அதிகம் வெளியே விடும். கண்ணுக்குத் தெரிவது பத்தில் ஒரு பங்கு. மிச்சம் ஒன்பது பங்கு தண்ணீருக்கு அடியில். சில சமயம் அடிப்பகுதி கரைந்து, எடை மாறி, ஒரு மாடிக் கட்டடம் அளவுள்ள பாறை திடீரென்று தலைகீழாகப் புரளும். அதனால்தான் படகுக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அதன் பக்கத்தில் போக மாட்டார்கள்.

பிறகு பென்குவின்கள். கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் படும் ஜீவன்கள் அவை. கிரில் என்ற சின்ன இறால் மாதிரியான உயிரினத்தைத் தின்று தின்று, அவை இருக்கும் பாறையெல்லாம் இளஞ்சிவப்பு எச்சம். படங்களில் அந்த நாற்றம் தெரிவதில்லை என்பதால் யாரும் முன்னெச்சரிக்கையாக இருப்பதில்லை. ஆரஞ்சு அலகுள்ளது ஜென்டூ. தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார் கட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு இருந்தால் சின்ஸ்ட்ராப். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் வரைந்திருந்தால் அடேலி. மூன்றுமே கூழாங்கற்களை அடுக்கிக் கூடு கட்டும். மூன்றுமே பக்கத்து வீட்டுக் கல்லைத் திருடும். ஒன்று போய்க் கல் எடுத்து வருவதற்குள், அதன் கூட்டிலிருந்து இன்னொன்று இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் நடந்து போகும் காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது.

பனியில் அவை நடந்து நடந்து உண்டான தடம் ஒன்று இருக்கும். கடலுக்கும் கூட்டுக்கும் போய்வரும் ராஜபாட்டை. மனிதர்கள் அதில் கால் வைக்கக் கூடாது. பென்குவின் வந்தால் நின்று வழிவிட வேண்டும். ஐந்து மீட்டர் இடைவெளி கட்டாயம். அதுவாகவே பக்கத்தில் வந்து பூட்ஸைக் கொத்திப் பார்த்தால், அசையாமல் நிற்க வேண்டியது நம் கடமை.

இப்படி ஒரு பயணத்தைச் சாதாரண மனிதர்களுக்கும் கொண்டுவரலாம் என்று நினைத்தவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். அதுவரை அண்டார்டிகா என்பது விஞ்ஞானிகளும் கடற்படையும் திமிங்கல வேட்டைக்காரர்களும் போகிற இடம். 1966-ல் அவர் அர்ஜென்டினா கடற்படைக் கப்பல் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணிகளை அங்கே அழைத்துப் போனார். ஓர் இடத்தை நேரில் பார்த்தவர்தான் அதைக் காப்பாற்றக் குரல் கொடுப்பார் என்பது அவருடைய நம்பிக்கை. வியாபாரத்துக்கும் அது வசதியான நம்பிக்கைதான். ஆனாலும் அவர் அதை மனதார நம்பினார் என்பதற்கு அவருடைய வேலையே சாட்சி.

வாடகைக் கப்பல் சரிப்படாது என்று சொந்தமாகவே ஒன்று கட்டினார். 1969-ல் பின்லாந்தில் தயாரான அந்தக் கப்பலுக்கு 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' என்று பெயர். நீளம் 73 மீட்டர். மூன்று ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் வருமே, அவ்வளவுதான். ஐஸில் உரசினாலும் தாங்கும்படி பலப்படுத்திய அடிப்பகுதி. சுமார் நூறு பயணிகள். உடம்பு முழுக்கச் சிவப்பு. வெள்ளை ஐஸுக்கு நடுவில் தொலைவிலிருந்தே தெரியும். 'சின்னச் சிவப்புக் கப்பல்' என்று செல்லப்பெயரே வந்துவிட்டது. துறைமுகம் இல்லாத கரைகளில் ஆட்களை இறக்க, ஸோடியாக் எனப்படும் ரப்பர் படகுகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைப் பரப்பியதும் இந்தக் கப்பல்தான். இன்றைக்கு துருவப் பயணத்துக்கென்று கட்டப்படும் கப்பல்கள் எல்லாம் ஒரு வகையில் அதன் பேரக்குழந்தைகள்.

ஜாதகம் மட்டும் கொஞ்சம் கரடுமுரடு. 1972-ல் அண்டார்டிகாவில் பாறையில் ஏறி நின்றது. லிண்ட்பிளாடே அப்போது கப்பலில் இருந்தார். சிலி நாட்டுக் கடற்படை வந்து எல்லோரையும் மீட்டது. 1979 கிறிஸ்துமஸ் சமயத்தில் மறுபடியும் தரைதட்டியது. மறுபடியும் சிலி. 1984-ல், கனடாவின் வடக்கே ஐஸ் அடைத்துக் கிடக்கும் வடமேற்குக் கடல்வழியைக் கடந்த முதல் பயணிகள் கப்பல் என்ற பெருமையும் அதற்கே கிடைத்தது. பிறகு கை மாறியது, பெயர் சுருங்கி 'எக்ஸ்ப்ளோரர்' ஆனது. 1994-ல் லிண்ட்பிளாட் காலமானார். கப்பல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வயதான கப்பல்தான், ஆனால் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடி வந்தார்கள். பளபளப்பான ஹோட்டல் கப்பல்களில் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது என்பார்கள்.

2007 நவம்பர் 11 அன்று அது உஷுவாயாவிலிருந்து கிளம்பியது. பயணத்தின் பெயரிலேயே ஷாக்கிள்டன் இருந்தார். பிரிட்டிஷ் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன், 'எண்டூரன்ஸ்' என்ற கப்பலை ஐஸுக்குப் பறிகொடுத்துவிட்டு, கூட இருந்த 27 பேரையும் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தவர். அவர் கால் வைத்த இடங்களைப் பார்ப்பதுதான் திட்டம். ஃபாக்லாந்து தீவுகள், பிறகு தெற்கு ஜார்ஜியா. ஷாக்கிள்டனின் கல்லறை அங்கே கிரித்விகென் என்ற பழைய திமிங்கல வேட்டைத் துறையில் இருக்கிறது. போகிறவர்கள் கல்லறையின் முன் ஒரு வாய் மது அருந்தி மரியாதை செய்வது வழக்கம்.

எண்டூரன்ஸ் ஐஸுக்குள் மூழ்கியது 1915 நவம்பர் 21-ம் தேதி. எக்ஸ்ப்ளோரர் அடிபட்டது, 92 ஆண்டுகள் கழித்து நவம்பர் 22-ம் தேதி இரவு. கதாசிரியர் யாராவது இப்படி எழுதினால் நாடகத்தனமாக இருக்கிறது என்று வெட்டிவிடுவார்கள்.

அன்று இரவு கப்பல், தெற்கு ஷெட்லாந்து தீவுகளில் ஒன்றான கிங் ஜார்ஜ் தீவுக்குப் பக்கத்தில், ஐஸ் மிதக்கும் கடலுக்குள் நுழைந்தது. அங்கே அது கோடையின் தொடக்கம். இருட்டு சில மணி நேரம்தான், ஆனாலும் இருட்டு இருட்டுதான். நள்ளிரவை ஒட்டி ஒரு பலத்த இடி. கீழ்த்தளத்தில் படுத்திருந்த சிலர் கண் விழித்துப் பார்த்தபோது கேபினுக்குள் தண்ணீர். அபாய மணி அடித்தது. எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்கள். தண்ணீரை வெளியேற்றும் பம்புகள் ஓடின. ஆனால் உள்ளே வரும் தண்ணீர் ஒரு தடுப்பறையோடு நிற்காமல் அடுத்ததற்கும் பரவியது. பிறகு மின்சாரம் போனது. மின்சாரம் போனால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் வேறு வழியில்லை. விடிவதற்கு முன்பே, கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது.

கை முஷ்டி அளவு ஓட்டை என்றுதான் முதலில் செய்திகள் சொன்னன. அவ்வளவு சின்ன ஓட்டைக்கா ஒரு கப்பல் மூழ்கும் என்று பலருக்கும் சந்தேகம். கப்பல் லைபீரியா நாட்டில் பதிவானது என்பதால் விசாரணை அந்த நாட்டின் பொறுப்பு. 2009-ல் வெளிவந்த அறிக்கை வேறு கதை சொன்னது. கப்பலின் பக்கவாட்டு இரும்பு மூன்று மீட்டருக்கு மேல் கிழிந்திருக்க வேண்டும் என்றது. இருட்டில் ஐஸுக்குள் நுழைந்திருக்கக் கூடாது, வெளிச்சம் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றது. முக்கியமாக இன்னொன்றும் சொன்னது: கேப்டன் அனுபவசாலிதான், ஆனால் அந்த அனுபவம் வடக்கே பால்டிக் கடலில் கிடைத்தது. எதிரே இருப்பது என்ன வகை ஐஸ் என்பதை அவர் தவறாகக் கணித்துவிட்டார்.

ஐஸில் என்ன வகை என்று நமக்குத் தோன்றும். குளிர்காலத்தில் கடல்நீர் உறைந்து உண்டாகும் ஐஸ் ஒன்று. ஒரே ஒரு குளிர்காலத்தைப் பார்த்தது. உள்ளே உப்புநீர் அறை அறையாகத் தங்கியிருக்கும், அதனால் ஓரளவு மென்மை. பலப்படுத்திய கப்பல் அதை நொறுக்கிக்கொண்டு போகும். எக்ஸ்ப்ளோரரைக் கட்டியதே அதற்குத்தான். இன்னொரு வகை, நிலத்திலிருந்து வருவது. நூற்றாண்டுக் கணக்காக, சில இடங்களில் ஆயிரம் ஆண்டுக் கணக்காக, பனி விழுந்து, மேலே மேலே அமுங்கி, பனியாறாக ஊர்ந்து வந்து, கடலில் உடைந்து விழும் ஐஸ். உப்பு இல்லை, காற்று இல்லை. குச்சி ஐஸுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உள்ள வித்தியாசம்.

மலைபோல நிற்கும் பனிப்பாறை கப்பலுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. கண்ணுக்கும் தெரியும், ரேடாருக்கும் தெரியும். அதிலிருந்து உடைந்த துண்டுகள்தான் பயம். தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர்கூடத் தலை காட்டாமல், கண்ணாடிபோல நிறமில்லாமல், அலையோடு அலையாக மிதக்கும். ஒரு லாரி எடை இருக்கும். கடல் கொஞ்சம் அலையடித்தால் ரேடாரிலும் அலையோடு கலந்துவிடும். இந்த இரண்டு வகையும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தால், இரவில் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறவருக்கு எல்லாமே வெள்ளைதான். தெரிந்த ஐஸ் என்று நினைத்துக் கப்பலை உள்ளே விட்டது அந்த நினைப்பின் பலத்தில்தான். முப்பத்தெட்டு வருடம் ஐஸில் ஓடிய கப்பல் என்பதும் அந்த நினைப்புக்குத் துணை போயிருக்கலாம்.

படகுகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். நான்கு உயிர்காப்புப் படகுகளில் ஒன்றின் எஞ்சின்தான் ஒழுங்காக வேலை செய்தது. மேலே கூரை கிடையாது. அந்தக் காலத்து விதிகளின்படி அப்படிக் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. பென்குவின் பார்க்கக் கொண்டுவந்த ரப்பர் படகுகள்தான் அங்குமிங்கும் ஓடி, ஐஸில் சிக்காமல் பெரிய படகுகளை இழுத்துச் சேர்த்தன. உல்லாசத்துக்கு வந்த வண்டி ஆம்புலன்ஸ் ஆன மாதிரி.

அப்படி நான்கைந்து மணி நேரம். ஒரு படகில் இருந்த ஐரோப்பியப் பயணி ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதலியிடம், "கல்யாணம் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அவரும் சம்மதித்தார். மோதிரம், பூ, மெழுகுவத்தி எதுவும் இல்லை. பின்னணியில் மூழ்கும் கப்பல். மறுநாள் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்த செய்திகளில் இதுதான் பலருக்கும் நினைவில் நின்றது.

காலையில் முதலில் வந்து சேர்ந்த கப்பல்களில் ஒன்று 'நார்ட்நோர்ஜ்'. நார்வே நாட்டுக் கரையோரத்தில் ஊர் ஊராகப் போகும் பயணிகள் கப்பல். அந்தப் பருவத்தில் அதுவும் அண்டார்டிகாவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. 154 பேரையும் அதுதான் ஏற்றிக்கொண்டது. அதற்கு இது புதிதும் இல்லை. அதே 2007 ஜனவரியில், அதன் சகோதரக் கப்பல் ஒன்று டிசெப்ஷன் தீவில் தரைதட்டியபோதும், சுமார் முந்நூறு பயணிகளை இதே நார்ட்நோர்ஜ்தான் மாற்றி ஏற்றிக்கொண்டு போனது. ஒரே வருடத்தில் இரண்டு மீட்பு.

கூடவே வந்த இன்னொரு கப்பல் 'நேஷனல் ஜியாகிரஃபிக் எண்டெவர்'. அதை நடத்தியது ஸ்வென் லிண்ட்பிளாடின் நிறுவனம். அவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாடின் மகன். அப்பா கட்டிய கப்பல் மூழ்கும் இடத்தில், உதவிக்கு வந்து நின்றது மகனுடைய கப்பல்.

அன்றைக்குக் கடல் ஏறக்குறைய அமைதியாக இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். மீட்டு முடித்த பிறகு காற்று வலுத்தது. கிங் ஜார்ஜ் தீவில் ஆட்களை இறக்குவதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காற்று ஐந்து மணி நேரம் முன்னதாக, திறந்த படகுகள்மேல் வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கடலை அறிந்தவர்கள் விளக்கிச் சொல்ல விரும்புவதில்லை. தீவிலிருந்த சிலி, உருகுவே நாட்டுத் தளங்களில் கொஞ்சம் சூடான உணவு, படுக்கை. பிறகு சிலி விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானத்தில் புன்டா அரேனாஸ் நகரத்துக்கு.

சிலிக்கு இது பரம்பரைப் பழக்கம் என்றே சொல்லலாம். எக்ஸ்ப்ளோரர் கிடந்த இடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள்தான் எலிஃபன்ட் தீவு இருக்கிறது. ஷாக்கிள்டனின் ஆட்கள் 22 பேர், கவிழ்த்துப்போட்ட இரண்டு படகுகளையே வீடாக்கிக்கொண்டு, பென்குவினும் சீலும் தின்று நான்கரை மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த தீவு. 1916 ஆகஸ்ட் 30 அன்று அவர்களை வந்து மீட்டது, 'யெல்ச்சோ' என்ற சிலி நாட்டுக் கடற்படையின் சிறிய கப்பல். நான்கரை மாதத்துக்கும் ஐந்து மணி நேரத்துக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் ரேடியோவும், பக்கத்தில் வேறு கப்பல் இருந்ததும்தான். கடல் அப்படியேதான் இருக்கிறது.

அன்று மாலைக்குள் சின்னச் சிவப்புக் கப்பல் மூழ்கிவிட்டது. ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழம். சாய்ந்து கிடக்கும் அதன் கடைசிப் படத்தை எடுத்தது சிலி கடற்படை. கப்பலோடு, ஒன்றே முக்கால் லட்சம் லிட்டருக்கும் அதிகமான டீசலும் கீழே போனது. பக்கத்துத் தீவுகளில் பென்குவின்கள் முட்டையிட்டு அடைகாக்கும் பருவம் அது. மாற்றி மாற்றிக் கடலில் இறங்கி இரை தேடிக்கொண்டு வந்தால்தான் கூட்டில் இருக்கும் துணை பிழைக்கும். இறகில் எண்ணெய் ஒட்டினால் குளிர்நீர் உடம்பைத் தொட்டுவிடும். நல்லவேளை, அது இலகுவான டீசல். பெரும்பகுதி பரவி ஆவியாகும் வகை. கப்பல்கள் எரிக்கும் தார் மாதிரியான கனரக எண்ணெயாக இருந்திருந்தால் கரையெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும்.

இந்தப் பயம் கற்பனையல்ல. 1989-ல் அர்ஜென்டினா கடற்படையின் 'பஹியா பரைசோ' என்ற சரக்குக் கப்பல், சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து, அமெரிக்காவின் பாமர் ஆய்வுத் தளத்துக்குப் பக்கத்தில் பாறையில் மோதியது. ஆட்கள் பிழைத்தார்கள். ஏறக்குறைய ஆறு லட்சம் லிட்டர் எண்ணெய் கடலில் கொட்டியது. அங்கேயே வசித்த பறவைகளுக்குத்தான் தண்டனை.

எக்ஸ்ப்ளோரருக்குப் பிறகு கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது. 154 பேர் இருந்ததால் ஒரு கப்பலில் அடங்கினார்கள். அதே 2007-ல், மூவாயிரத்துக்கும் அதிகமானோரைச் சுமந்த ராட்சத சுற்றுலாக் கப்பல் ஒன்றும் இதே பக்கம் வந்து போயிருந்தது. அதற்கு இப்படி ஆகியிருந்தால் யார் எங்கே ஏற்றுவது? 2009-ல் அண்டார்டிகா ஒப்பந்த நாடுகள் கூடி, 500 பயணிகளுக்கு மேல் இருக்கும் கப்பலிலிருந்து யாரும் கரையில் இறங்கக் கூடாது, எந்த இடத்திலும் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்தன. 2011 ஆகஸ்ட் முதல் அந்தக் கடலில் கனரக எண்ணெய்க்கே தடை. 2017-ல் துருவக் கடல்களுக்கென்று தனி சர்வதேச விதித்தொகுப்பு அமலுக்கு வந்தது. அதன்படி கப்பல்களில் இருக்கும் சாதனங்கள், ஆட்களைக் குறைந்தது ஐந்து நாள் உயிரோடு காப்பாற்றும்படி இருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் அல்ல, ஐந்து நாள். திறந்த படகெல்லாம் செல்லாது.

விதிகள் நல்லவைதான். கூட்டமும் சேர்ந்தே வளர்ந்தது. எக்ஸ்ப்ளோரர் மூழ்கிய அந்தப் பருவத்தில் அண்டார்டிகாவுக்குப் போன சுற்றுலாப் பயணிகள் சுமார் 46 ஆயிரம் பேர். 2023-24 பருவத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் காப்பாற்றக் குரல் கொடுத்திருந்தால், இதற்குள் பெரிய சத்தமே கேட்டிருக்க வேண்டும். லிண்ட்பிளாட் இருந்திருந்தால் இந்தக் கணக்கைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ.

இப்போது பறவைக் காய்ச்சல் வேறு. 2023-ல் தெற்கு ஜார்ஜியாவில் தெரியவந்து, 2024 பிப்ரவரியில் அண்டார்டிகாவின் நிலப்பகுதியிலேயே உறுதியானது. ஏற்கெனவே கரை இறங்குவதற்கு முன் பூட்ஸைப் பிரஷ் போட்டுத் தேய்த்து மருந்துநீரில் நனைப்பார்கள். சட்டைப் பாக்கெட், பையின் மூலை எல்லாவற்றிலும் வாக்குவம் கிளீனர் வைத்து, ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த புல் விதை இருக்கிறதா என்று உறிஞ்சிப் பார்ப்பார்கள். இப்போது கரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைக் கீழே வைக்கக் கூடாது. பென்குவின் கண் உயரத்துக்குக் குனிந்து படம் எடுக்கும் பழைய சுகம் போயிற்று. நின்றபடியே பார்த்துவிட்டு வர வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் பயணத்தில் விற்பனையாகும் முக்கியமான சரக்கு, தனிமை. மனிதக் கால் படாத இடம், வேறு ஒரு கப்பலும் கண்ணில் படாத கடல். பருவம் முழுக்க டஜன் கணக்கில் கப்பல்கள் அதே சில நூறு கிலோமீட்டருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அது எப்படிச் சாத்தியம்? 1991-ல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் பெரும்பாலோர் அதில் உறுப்பினர். எந்தக் கப்பல் எந்த நாளில், எந்த வளைகுடாவில், எத்தனை மணிக்கு என்று அவர்கள் முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுகிறார்கள். ஓர் இடத்தில் ஒரு கப்பல் கிளம்பிய பிறகுதான் அடுத்தது வரும். பென்குவின்களுக்கும் அது நல்லது, படம் எடுப்பவர்களுக்கும் நல்லது. ஒரு கப்பலின் பயணிகள் இன்னொரு கப்பலைப் பார்க்காமலே பத்து நாளையும் முடித்துவிடலாம்.

அதனால் மேல்தளத்தில் நிற்பவர் செல்போனில் எடுக்கும் படத்தில் ஐஸும் வானமும் ஒரு பென்குவின் கூட்டமும் மட்டும் இருக்கும். அவருக்கு இரண்டு தளம் மேலே, கேப்டன் நிற்கும் அறையில், அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் கப்பலின் பெயரும் அது எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பதும் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.